தமிழில் முதலிடம்

உளுந்துச் செடி பிடுங்குவதற்குப் பனியின் ஈரம் வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நெற்று வெடித்துப் பாதி உளுந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் ரசியா பேகம் விடிந்தும் விடியாததுமாக முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு வயலில் இறங்கிவிடுவாள். அந்த வருஷம் நெடுந்திடலில் கூலிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள், வயசானவர்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டார்கள். போதாக்குறைக்கு, சம்பாவை அறுக்க வந்த மெஷின் ஈர வயலில் போட்டுவிட்டுப் போன டயர் தடத்தில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. மிச்சம் இருந்ததைத் தாயும் மகளும்தான் பிடுங்கினார்கள்.

மகள் நிலோஃபர் சும்மா பிடுங்கமாட்டாள். செடியை வேரோடு இழுத்து மண்ணை உதறிக்கொண்டே பத்தாம் வகுப்புப் பாடத்தைச் சொல்லிக்கொண்டு வருவாள்.

"கேள்வி நம்பர் முப்பத்தாறு. புது வரி. மனித இதயம் நான்கு அறைகளைக் கொண்டது. முற்றுப்புள்ளி. மேலறைகள் ஆரிக்கிள்கள், கமா, கீழறைகள் வெண்ட்ரிக்கிள்கள். முற்றுப்புள்ளி. அடிக்கோடு போடுங்க."

பக்கத்து வயல் ஆசியா நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "ரசியா, ஒம் மவ உளுந்துக்குப் பாடம் எடுக்கிறாளா? அடிக்கோடு எங்க போடறது, வரப்புலயா?"

"நீங்க வேலையப் பாருங்கக்கா. பரீட்சை வருது" என்பாள் ரசியா. சிரித்தால் மகள் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

நிலோஃபருக்கு எழுத்து பிடிபடாது. கண் நன்றாகத் தெரியும், காதோ ஒருமுறை கேட்டதை விடாது. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போயிற்று. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து நழுவிவிடும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் பெயிலாக்கக் கூடாது என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்று, ஏற்ற இறக்கத்தோடு, பிசகே இல்லாமல் ஒரு பக்கத்தை ஒப்பித்தாள். பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். புத்தகம் வேறு பாடத்தில் திறந்திருந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. வாத்தியார் பிரம்பை எடுத்தார்.

அந்தப் பிரம்பைத் தடுத்தவள் எல்சி டீச்சர். மாற்றுத்திறன் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்று அரசாங்கம் போட்ட சிறப்பாசிரியை. நிரந்தர வேலை கிடையாது, ஒப்பந்தம். வாரத்துக்கு ஆறு பள்ளிக்கூடம், எல்லாவற்றுக்கும் டவுன் பஸ். ஆறிலும் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. நெடுந்திடல் உயர்நிலைப்பள்ளியில் சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் பிள்ளைகளைப் பார்ப்பாள்.

"இது சோம்பேறித்தனம் இல்லக்கா. திமிரும் இல்ல" என்று ரசியாவிடம் முதலில் சொன்னவள் அவள்தான். "இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேரு. புள்ளைக்கு புத்தி நல்லா இருக்கு. எழுத்து வழியா உள்ள போறதுலயும் வெளிய வர்றதுலயும்தான் சிக்கல். வாயால சொல்லச் சொல்லுங்க, அப்ப தெரியும்."

ரசியா அன்று அழுதாள். எத்தனை வருஷம் அந்தப் பிள்ளையின் கையில் கரண்டிக்காம்பால் அடித்திருக்கிறாள் என்று நினைத்து அழுதாள்.

ஹெச்.எம். குழந்தைராஜுக்கு நூறு சதவீதத் தேர்ச்சிதான் உயிர். தேறமாட்டாது என்று தோன்றும் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்துத் தனித்தேர்வராக எழுதச் சொல்லிவிடுவார். நிலோஃபருக்கும் டி.சி. தயாராகத்தான் இருந்தது. எல்சி டீச்சர் விடவில்லை. தஞ்சாவூருக்குத் தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு அலைந்து டாக்டர் சான்றிதழ் வாங்கிவந்தாள். இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டியதில்லை, மற்ற பாடங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் என்று உத்தரவு வந்தது. 'சொல்வதை எழுதுபவர்' என்று அவருக்குப் பேர்.

ஹெச்.எம். முகம் அப்படியே மாறிப்போனது. "அட, வாத்தியாரே வந்து எழுதுவாரா? இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானம்மா!" என்றார். அந்த சந்தோஷம் எல்சி டீச்சருக்குப் பிடிக்கவில்லை.

சொல்லி எழுதவைப்பது லேசான காரியம் இல்லை. எந்த வேகத்தில் சொல்வது, எங்கே நிறுத்துவது, எதற்கு அடிக்கோடு என்று பழக வேண்டும். வீட்டில் எழுதுகிற ஆள் ரசியா. எட்டாவது வரை படித்தவள். அஸர் தொழுகை முடிந்ததும் பாயை விரித்துப் பேனாவோடு உட்காருவாள். ஆரம்பத்தில் ஒரு தடவை மகள் சொன்னது புத்தகத்தில் இருந்ததற்கு மாறாக இருந்தது. பிள்ளைக்கு எதற்கு ஏமாற்றம் என்று ரசியா சத்தமில்லாமல் சரியானதை எழுதிவைத்தாள். வாராவாரம் பார்க்க வரும் எல்சி டீச்சர் அதை எடுத்து வாசித்ததும் நிலோஃபருக்கு முகம் சிவந்துவிட்டது.

"நான் இப்படிச் சொல்லலையே டீச்சர்."

"சொல்லலதான். ஒங்கம்மா சொல்லியிருக்காங்க."

"ஏம்மா, நான் தப்பா சொன்னா தப்பா எழுதுங்க! எது தப்புன்னு அப்பதானே எனக்குத் தெரியும்? நீங்களே எழுதறதா இருந்தா நான் எதுக்கு?"

ரசியா அன்றிலிருந்து சொன்னதை மட்டுமே எழுதினாள். தப்பு என்று தெரிந்தே எழுதும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள். மாசி முடிவதற்குள் அந்தத் தப்புகள் பாதிக்குப் பாதி குறைந்துபோயின.

எல்சி டீச்சர் ஒன்றை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தாள். "எழுத வர்றவரு யாருன்னு நமக்குத் தெரியக்கூடாதுக்கா. நாமளும் போய்ப் பேசக்கூடாது. அவரு கை மட்டும்தான் நமக்கு வேணும்."

ஆனால் நெடுந்திடலில் எது தெரியாமல் இருக்கும்? பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளிக்கூட வாட்ச்மேன் வைரக்கண்ணு வேலியோரம் சைக்கிளை நிறுத்தினார்.

"ராவுத்தரம்மா, பாப்பாவுக்கு எழுத வர்றது நம்ம மாதாகோயில் தெரு ஜோசப்ராஜ் சார்தான். மணக்குடித்திடல் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்கிறாரே, பட்டிமன்றம்லாம் பேசுவாரே, அவருதான். தங்கமான மனுசன்."

ரசியாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, தன் பிள்ளைக்காக ஒருத்தர் ஒரு நல்லது செய்ய வருகிறார் என்றால் அவர் வீட்டுக்குச் சோறு போகாமல் இருந்ததில்லை. பிரசவம் பார்த்த நர்ஸுக்குப் போயிருக்கிறது. சவூதிக்கு விசா கொண்டுவந்தவருக்குப் போயிருக்கிறது. போய்ப் பேசக்கூடாது என்றுதான் டீச்சர் சொன்னாள். சோறு அனுப்புவதைப் பேச்சு என்று ரசியா நினைக்கவே இல்லை.

அதிலும் அவள் ஒன்றை யோசித்தாள். அது கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். கவிச்சி தொடமாட்டார்கள். அதனால் கறி போடாமல் நெய்ச்சோறும், எலும்பில்லாத கத்தரிக்காய் தால்ச்சாவும், பூசணிக்காய்ப் பச்சடியும் செய்தாள். முட்டை சாப்பிடலாமா என்று ஆசியாவிடம் யோசனை கேட்டு, எதற்கு வம்பு என்று வட்டலப்பத்தை விட்டுவிட்டுப் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தாள். எல்லாவற்றையும் தூக்குப்பாத்திர அடுக்கில் வைத்து வைரக்கண்ணுவிடம் கொடுத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. ரசியா வீட்டுலேருந்துன்னு மட்டும் சொல்லுங்க."

தமிழ் முதல் தாள் எழுதிவிட்டு வந்த நிலோஃபர் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கேட்டதற்கு "தலைவலி" என்றாள். இரண்டாம் தாள் முடிந்து வந்தபோது சீருடையைக்கூட மாற்றாமல் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டாள். சோறு போட்டுக் கொண்டுபோய் வைத்தாள் ரசியா. தட்டு அப்படியே இருந்தது.

"கஷ்டமா கேட்டிருந்தாங்களாடி?"

"என்ன கேட்டிருந்தாங்கன்னே எனக்குத் தெரியாது."

"என்னடி பேச்சு இது?"

"அவரு கேள்விய வாசிக்கவே இல்லம்மா. நான் மொத கேள்விய வாசிங்க சார்ன்னேன். நீ நிம்மதியா உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்னாரு. அவரா எழுதறாரு, அவரா தலைய ஆட்டிக்கறாரு, அவரா சிரிச்சுக்கறாரு. நான் ஃபேனப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு நாளும். தண்ணி குடிக்கிறியாம்மான்னு மட்டும் கேட்டாரு."

ரசியாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்ற வயிறு அப்படித்தான். தமிழ் பாஸ் என்று உள்ளுக்குள் ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நிலோஃபர் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஒங்களுக்கு சந்தோஷம்!"

"இல்லடி, நான் எதுக்கு..."

"சந்தோஷம்தான். வயல்ல அத்தனை நாளு எதுக்கும்மா கத்தினேன்? ஆசியா மாமி சிரிக்கிறதுக்கா? எனக்கு எல்லாம் தெரியும்மா. நெடுவினா மூணும் தெரியும். ஒரு வரிகூட கேக்கல அந்த மனுஷன். நான் இனிமே போகமாட்டேன். அவரே போய் உக்காந்து எழுதிக்கட்டும். அவரே பாஸாகட்டும்."

சாயங்காலம் எல்சி டீச்சர் வந்தாள். மறுநாள் பெரிய வெள்ளி, கோயிலுக்குப் போக வேண்டியவள், வேகாத வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தாள். நடந்ததை ரசியா சொன்னாள். பிறகு சந்தேகமாகக் கேட்டாள்.

"ஜோசப்ராஜ் சார் அப்படிப்பட்டவரு இல்லையே. சட்டம் பேசற மனுஷன். நீங்க ஏதும் போய்ப் பாத்தீங்களாக்கா?"

"அய்யோ, இல்ல டீச்சர். நான் அந்தத் தெருப்பக்கமே போகல. சோறு மட்டும்தான் அனுப்பினேன்."

எல்சி டீச்சர் கைப்பையைத் தரையில் போட்டாள். "சோறு அனுப்பினீங்களா?"

"கறிகூடப் போடல டீச்சர். தவக்காலம்னு பாத்துப் பாத்து செஞ்சேன். சோறு அனுப்பறது தப்பா?"

"படிச்சுப் படிச்சு சொன்னேனேக்கா! நான் என்ன சொல்லட்டும் ஒங்ககிட்ட? ஒரு வருஷம்க்கா. இந்தப் புள்ளைக்கு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கிற தைரியம் வர ஒரு வருஷம் ஆச்சு. ரெண்டு நாள்ல எல்லாம் போச்சு."

"புகார் குடுத்தா?"

"குடுத்தா பேப்பரையே ரத்து பண்ணுவாங்க. காப்பி அடிச்சதா எழுதறது இந்தப் புள்ள பேரத்தான். அடுத்த வருஷத்துலேருந்து எந்தப் புள்ளைக்கும் இந்தச் சலுகைய ஹெச்.எம். கேக்க விடமாட்டாரு. விட்டாலும் தப்பு, புடிச்சாலும் தப்பு. போங்கக்கா." டீச்சருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ரசியா கொடுத்த டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த நேரத்துக்கு ரசியாவின் புருஷன் லியாகத் அலி, சவூதியில் தம்மாமில் கடை வேலையில் இருப்பவன், போன் செய்வான். அங்கே புதிதாக ஒரு சட்டம் வந்து, வெளிநாட்டு ஆட்களைக் கழித்துக்கட்டி உள்ளூர்க்காரர்களை வேலைக்கு வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் குரலில் ஒரு மாதமாகவே உயிர் இல்லை. ரசியா சொல்லிமுடிப்பதற்குள் அவன் கத்தினான்.

"வாத்தியாரே எழுதிக் குடுத்தாரா? அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டு இருக்க வேண்டியதுதான! அதுக்கு எதுக்குடி அழுவுறா அவ?"

"அவளுக்கு அவ சொன்னது வேணுமாங்க."

"அவ சொல்லி என்னத்தக் கிழிக்கப்போறா? இந்தா பாரு, என்னைய எப்ப வேணா ஊருக்கு அனுப்பிடுவானுங்க. வந்தா நான் என்ன செய்யப்போறேன்னே தெரியல. பத்தாவது பாஸுன்னு ஒண்ணு இருந்தா நல்ல எடத்துல கட்டிக் குடுக்கலாம். பெயிலுன்னா யாரு கேப்பா? வாய மூடிக்கிட்டு போய் உக்காரச் சொல்லு."

"குடுங்க, அத்தாகிட்ட நான் பேசறேன்" என்று நிலோஃபர் போனை வாங்கினாள். "அத்தா, ஒங்க கடையில ஒங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரு வந்து உக்காந்தா ஒங்களுக்குக் கோவம் வருதுல்ல? அதே மாதிரிதான் எனக்கும்."

அந்தப் பக்கம் லைன் போய்விட்டது. அவனே வைத்துவிட்டானா, கார்டு தீர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை.

திங்கள்கிழமை இங்கிலீஷ் பரீட்சை. வகுப்புப் பெண்கள் நிலோஃபரின் வாசல் வழியாகப் படித்துக்கொண்டே போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, உளுந்தை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ரசியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாதாகோயில் தெருவுக்குப் போனாள். போகக்கூடாது என்று சொன்ன இடம்தான். கெடவேண்டியது கெட்டாகிவிட்டது, இனி என்ன என்ற ஆத்திரம் அவளை இழுத்துக்கொண்டு போனது.

ஜோசப்ராஜ் சார் அப்போதுதான் வீடு திரும்பி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பூரித்துவிட்டது.

"வாங்கம்மா, வாங்க! நானே வரணும்னு இருந்தேன். அந்த நெடுவினா பிரமாதமா வந்திருக்கும்மா. மேடையில பேசறதவிட நல்லா வந்துச்சு. திருத்தறவன் அசந்துபோவான்."

"சார், எம் மக சாப்பிடல சார்."

"ஏம்மா, ஒடம்புக்கு முடியலையா?"

"நீங்க எழுதினதுலேருந்து சாப்பிடல."

சாருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் துண்டை இழுத்து மூடிக்கொண்டார். "அம்மா, ஒண்ணு சொல்றேன். ஒங்க ஹெச்.எம். என்னையக் கூப்பிட்டு, கொஞ்சம் அனுசரிச்சு எழுதுங்க சார்ன்னாரு. முடியாதுன்னு மொகத்துக்கு நேரா சொன்னேன். என் சர்வீஸ்ல அந்தப் பழக்கம் இல்லன்னேன். அன்னைக்கு சாயந்தரம் ஒங்க தூக்கு வந்துச்சு. நாங்க ஒருசந்தியில இருக்கோம்னு தெரிஞ்சு, கவிச்சி இல்லாம, முட்டைகூட இல்லாம ஆக்கி அனுப்பியிருக்கீங்க. எங்க சொந்தக்காரங்களே அதப் பாக்கமாட்டாங்க. அந்தச் சோத்தத் தின்னுட்டு மறுநாள் போயி, ஒங்க புள்ள தடுமாறினா நான் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதா? மனுஷனா நானு?"

ரசியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஹெச்.எம்.முக்கு மசியாத மனுஷனைத் தன்னுடைய நெய்ச்சோறு மசியவைத்திருக்கிறது.

"அவ தடுமாறலையே சார். நீங்க கேக்கவே இல்லையாமே."

"பாவம், சின்னப் புள்ள..."

"பாவம் இல்ல சார். அவளுக்குத் தெரியும். அவ சொல்றத மட்டும் எழுதுங்க."

"தப்பா சொன்னா?"

"தப்பா எழுதுங்க."

"பெயிலாயிட்டா என்னம்மா செய்வீங்க?"

தம்மாமில் ஒருத்தன் வேலை போகுமா நிற்குமா என்று உட்கார்ந்திருக்கிறான். பாஸ் என்ற ஒரே வார்த்தைக்காகக் காத்திருக்கிறான். ரசியா முக்காட்டின் முனையை வாயில் வைத்துக் கடித்தாள்.

"ஆவட்டும் சார். பெயிலாவட்டும். அவளா ஆவட்டும்."

சார் எழுந்து உள்ளே போனார். கழுவித் துடைத்து வைத்திருந்த தூக்கைக் கொண்டுவந்தார். ஈஸ்டருக்குச் செய்த முறுக்கும் கேக்கும் அதில் நிறைந்திருந்தது. நெடுந்திடலில் எந்த ஜாதியிலும் எந்த மதத்திலும், சோறு வந்த பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பமாட்டார்கள். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

ரசியா கையை நீட்டவில்லை. "சார், குடுத்த சோத்தச் சொல்லிக்காட்டறவ இல்ல நான். எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கெடையாது. ஆனா இன்னைக்கு அந்தத் தூக்க எனக்கு வெறுமனே குடுங்க."

"என்னம்மா பேசறீங்க?"

"வெறுமனே குடுங்க சார். நான் ஒங்களுக்கு எதுவும் குடுக்கல, நீங்களும் எனக்கு எதுவும் குடுக்க வேணாம். அப்பத்தான் வெள்ளிக்கிழமை நீங்க வேத்து ஆளா உக்காந்து எழுதுவீங்க."

அவமானத்தில் அந்த மனுஷருக்குக் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. ரசியாவுக்கும் நாக்கு கூசியது. இப்படி ஒரு வார்த்தையை எந்த வீட்டு வாசலிலும் அவள் சொன்னதில்லை. சார் முறுக்கை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார், கேக்கை எடுத்து வைத்தார், தூக்கைக் கவிழ்த்துத் தட்டினார். வெறும் பாத்திரத்தை அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் நிலோஃபர் தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து, "கேள்வி நம்பர் ஒண்ணு, புது வரி" என்று குரல் வந்தது. கணக்குப் புத்தகம்.

அதற்குப் பிறகு மூன்று பரீட்சை. ஜோசப்ராஜ் சார் கேள்வியை வாசித்தார், அவள் சொன்னாள், அவர் எழுதினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அறிவியல் பரீட்சை அன்று வாசலில் செருப்பை உதறிக்கொண்டே நிலோஃபர் கத்தினாள்.

"அம்மா, சோறு போடுங்க! ஒரு எடத்துல நான் தப்பா சொன்னேம்மா. சாருக்குத் தெரிஞ்சிருச்சு. பேனாவ வச்சிட்டு நெத்தியத் தேச்சுக்கிட்டாரு. அப்பறம் அப்படியே எழுதிட்டாரு. வெளிய வந்தப்பறம்தான் எனக்கு சரியான பதில் ஞாபகம் வந்துச்சு!"

தப்பாகச் சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பிள்ளையை ரசியா பார்த்ததில்லை. கருவாட்டுக் குழம்பை ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டது அது.

மே மாதக் கடைசியில் ரிசல்ட் வந்தது. கணக்கில் முப்பத்தெட்டு, அறிவியலில் நாற்பத்தொன்று, சமூக அறிவியலில் ஐம்பத்திரண்டு. பாஸ். தமிழில் தொண்ணூற்று நான்கு. எல்சி டீச்சர் போனில் மூன்று மார்க்கையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தமிழைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. லியாகத் அலி கேட்டுவிட்டு, "நாப்பத்தொண்ணும் அவளே சொன்னதா?" என்று மட்டும் கேட்டான். "ஆமா" என்றாள். "சரி" என்றான். அவன் குரலில் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருந்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் ரசியா நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆசியா வந்தாள். கையில் கேஸ் ஏஜென்சி கொடுத்த ஏதோ காகிதம்.

"ஏண்டி நிலோஃபர், இத்தன நாளா எங்ககிட்ட மறச்சிட்டியே! தமிழ்ல பள்ளிக்கூடத்துக்கே மொத மார்க்காமே நீயி! பேனர் கட்டியிருக்காங்க. இந்தா, இதுல என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சு சொல்லு."

நிலோஃபர் காகிதத்தை வாங்கிவிட்டாள். கை நீண்டபோது வாங்காமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். உதடு ஒரு எழுத்தைப் பிடித்து இன்னொன்றைத் தேடியது. ஆசியா சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அந்தச் சிரிப்பு மெல்லக் குறைந்து, சந்தேகமாகி, கடைசியில் இரக்கமாக மாறுவதை ரசியா பார்த்தாள். இரக்கம்தான் தாங்கமுடியாததாக இருந்தது. காகிதத்தைப் பிடுங்கி ரசியாவே வாசித்துச் சொல்லி அனுப்பினாள்.

"வாங்கம்மா, பாத்துட்டு வருவோம்" என்றாள் நிலோஃபர்.

பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவே பெரிய ஃபிளக்ஸ். ஹெச்.எம். கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பிள்ளைகளின் போட்டோக்களில் நடுநாயகமாக நிலோஃபர், ஹால் டிக்கெட்டில் இருந்த அதே பயந்த முகம்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

'எல்லாரையும் பாராட்டிப் போட்டிருக்காங்க' என்று சொல்லிவிடலாம். ரசியாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது.

"உள்ளத உள்ளபடி வாசிங்கம்மா. நான் சொன்னத எழுதுவீங்கல்ல, அந்த மாதிரி."

ரசியா வாசித்தாள். "நூறு சதவீதத் தேர்ச்சி. தமிழில் பள்ளி முதலிடம். லி. நிலோஃபர். தொண்ணூற்று நான்கு."

"அறிவியல் எங்க போட்டிருக்கு?"

"போடல."

"சமூக அறிவியல்?"

"அதுவும் போடல."

நிலோஃபர் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊரே வாசிக்குதும்மா. என்னால மட்டும்தான் வாசிக்க முடியல. நாளைக்கு எல்லாரும் காயிதத்த எடுத்துக்கிட்டு வருவாங்க."

ரசியா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். கூரையில் செருகியிருந்த அரிவாளோடு திரும்பி வந்தாள். பட்டப்பகல், பஸ்ஸுக்கு நிற்கிற சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வேப்பமரத்துப் பக்கக் கயிற்றை அறுத்தாள். ஹெச்.எம்.மின் பாதி முகம் மடங்கித் தொங்கியது. வைரக்கண்ணு ஓடிவந்தார்.

"ராவுத்தரம்மா, என்ன பண்றீங்க! ஹெச்.எம். கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"எங்க வீட்டுக்கு வரச் சொல்லுங்க. வந்தா சோறு மட்டும் கெடையாதுன்னு சொல்லிடுங்க." லைட் கம்பத்துக் கயிற்றையும் அறுத்தாள். "எம் மக படம் போட்டது, நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பங்குனியில் எடுத்த உளுந்துக்கு வண்டு விழ ஆரம்பித்திருந்தது. ஒரு வெயில் காட்டவேண்டும் என்று நாலு நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலில் ஃபிளக்ஸை எழுத்துப் பக்கம் தரையில் படும்படி கவிழ்த்து விரித்தாள். நிலோஃபர் மூட்டையைச் சாய்த்தாள். கறுப்பு உளுந்து சரசரவென்று வெள்ளைப் பரப்பில் கொட்டியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலால் துழாவிப் பரப்ப ஆரம்பித்தாள்.

தெருவில் போன ஆசியா நின்றாள். பேனரைப் பார்த்தாள், தாயையும் மகளையும் பார்த்தாள்.

"ஏண்டி, நல்லா இருந்ததப் போய் அவுத்துட்டு வந்துட்டீங்க? தொண்ணூத்தி நாலு என்ன சும்மாவா?"

நிலோஃபர் காலை நிறுத்தவில்லை.

"அது என்னோடது இல்ல மாமி. அது ஜோசப்ராஜ் சார் மார்க்கு. எனக்கு வாசிக்க வராது." தெருவுக்கே கேட்கும்படி, வயலில் சொன்ன அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னாள். "என் மார்க்கு அறிவியல்ல நாப்பத்தொண்ணு. முற்றுப்புள்ளி."

ரசியா முறத்தை எடுத்துக்கொண்டு வந்து வண்டு விழுந்த உளுந்தைப் பொறுக்க உட்கார்ந்தாள்.